புதியவர்கள் குழுவுக்கு வாட்டர்கலர் கற்றுக்கொடுக்க: முதல் நான்கு வகுப்புகள்

வாட்டர்கலர் வகுப்புக்கு முதன்முதலாக வருகிறவர்களில் பாதிப் பேராவது உட்காரும்போதே, "எனக்கு வரையவே வராதுங்க" என்பார்கள். முதல் மாதத்தில் அது பெரிய தடையே இல்லை. அவர்கள் தடுமாறப்போவது தண்ணீரில். பிரஷில் எவ்வளவு தண்ணீர், வண்ணம் கலக்கும் தட்டான பேலட்டில் எவ்வளவு, தாளில் எவ்வளவு என்ற மூன்று கணக்கும் ஒத்துவராததால்தான் பெரும்பாலான படங்கள் கெடுகின்றன. ஆகவே தொடக்கநிலை வகுப்பை ஓவியப் பாடமாகத் திட்டமிடாதீர்கள். தண்ணீரைக் கையாளும் பயிற்சியாகத் திட்டமிடுங்கள். இந்த வழிகாட்டி 12 பேர், வாரம் ஒரு முறை, 2 மணி நேரம், 4 வகுப்புகள் என்ற கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது. 12 பேருக்கு மேல் சேர்ந்தால் உதவிக்கு இன்னொருவர் வேண்டும். ஒருவரால் அத்தனை ஈரத் தாள்களையும் கவனிக்க முடியாது.

தாளில் மட்டும் சிக்கனம் வேண்டாம்

குறைந்த செலவில் வகுப்பு நடத்தும்போது முதலில் கை வைக்கத் தோன்றுவது தாளில்தான். அங்கேதான் வகுப்பு தோற்கிறது. 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) நகலெடுக்கும் தாளிலோ சாதாரண டிராயிங் நோட்டிலோ தண்ணீர் பட்டவுடன் இழைகள் ஊறி விரியும், தாள் அலை அலையாக வளையும், பள்ளத்தில் வண்ணம் தேங்கும். தேங்கிய இடம் கடைசியில் காய்வதால் ஓரத்தில் கறை விழும். மாணவர் தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்வார். தவறு அவருடையது அல்ல.

வாங்க வேண்டியது 300 ஜிஎஸ்எம், கோல்டு பிரஸ் தாள். அதன் மேற்பரப்பில் லேசான சொரசொரப்பு இருக்கும். ஹாட் பிரஸ் வழுவழுப்பாக இருப்பதால் வாஷ், அதாவது நீர்த்த வண்ணத்தைப் பரவலாகப் பூசும் பூச்சு, கட்டுக்குள் நிற்காது. ரஃப் தாளின் மேடுபள்ளம் புதியவர்களுக்கு அதிகம். மரக்கூழில் செய்த தாள் விலை குறைவு, சீக்கிரம் காயும், போட்ட வண்ணத்தைத் திரும்ப எடுப்பதும் எளிது. ஆனால் அதன்மேல் இரண்டாவது அடுக்கு போட்டால் கீழ் அடுக்கு கரைந்து வந்துவிடும். 100 சதவீதப் பருத்தித் தாள் ஈரத்தை அதிக நேரம் பிடித்துவைக்கும், பல அடுக்குகளைத் தாங்கும். முதல் வகுப்பின் பயிற்சிகளுக்கு மரக்கூழ்த் தாள் போதும். ஈரத்தின் மேல் ஈரம் போடும் இரண்டாம் வகுப்பிலிருந்து, முடிந்தால் பருத்தித் தாளுக்கு மாறிவிடுங்கள்.

முழுத் தாளின் அளவு 56 × 76 செ.மீ. அதை எட்டாக வெட்டினால் 28 × 19 செ.மீ. துண்டுகள் கிடைக்கும். தொடக்கநிலைக்கு இதைவிடப் பெரிய தாள் வேண்டாம், ஒரு ஓரம் முடிப்பதற்குள் மறு ஓரம் காய்ந்துவிடும். ஒருவருக்கு ஒரு வகுப்புக்கு 2 துண்டு என்று வைத்தால் 12 பேருக்கு 3 முழுத் தாள். பயிற்சித் தாள்களின் பின்பக்கத்தையும் பயன்படுத்தலாம்.

நான்கு வண்ணம் போதும்

24 வண்ணப் பெட்டி கொடுத்தால் மாணவர்கள் கலக்கக் கற்றுக்கொள்ள மாட்டார்கள், பெட்டியில் இருக்கும் பச்சையை அப்படியே எடுத்து இலைக்குப் பூசிவிடுவார்கள். லெமன் யெல்லோ, குயினாக்ரிடோன் ரோஸ், அல்ட்ராமரீன் ப்ளூ, பர்ன்ட் சியன்னா (பழுப்பு) ஆகிய நான்கையும் ட்யூபில் வாங்குங்கள். நிறத்தின் பெயர் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், அதனால் ட்யூபில் அச்சிட்டிருக்கும் நிறமி எண்ணைப் பாருங்கள். அல்ட்ராமரீனுக்கு பிபி 29, ரோஸுக்கு பிவி 19. ஒரே ஒரு நிறமி மட்டும் உள்ள வண்ணங்கள் கலக்கும்போது தெளிவாக இருக்கும். இரண்டு மூன்று நிறமிகள் ஏற்கெனவே சேர்ந்திருந்தால் சீக்கிரம் சேறாகிவிடும்.

மாணவர் தர வண்ணமே போதும். அக்ரிலிக்கும் போஸ்டர் கலரும் தவறிக்கூட வந்துவிட வேண்டாம். அக்ரிலிக் காய்ந்தால் மறுபடி கரையாது, போஸ்டர் கலர் ஒளி புகவிடாது, இரண்டிலும் இந்தப் பாடம் நடக்காது. வெள்ளையும் கறுப்பும் கொடுக்காதீர்கள். தாளின் வெண்மைதான் வெள்ளை. அல்ட்ராமரீனுடன் பர்ன்ட் சியன்னாவைக் கெட்டியாகச் சேர்த்தால் கறுப்புக்கு அருகில் வரும். நீலம் தூக்கலாக இருந்தால் குளிர்ந்த சாம்பல், பழுப்பு தூக்கலாக இருந்தால் இதமான சாம்பல். இந்த ஒரு கலவையைக் காட்டியதும் வகுப்பே நிமிர்ந்து உட்காரும்.

ஒருவருக்கு ஒரு வண்ணம் அரை மி.லி. பிழிந்தால் போதும். 15 மி.லி. ட்யூப் ஒன்று 12 பேருக்கு இரண்டு முறை நிரப்ப வரும். பேலட்டில் காய்ந்து நிற்கும் வண்ணம் அடுத்த வாரம் இரண்டு சொட்டுத் தண்ணீரில் மீண்டும் இளகும் என்பதால் எதுவும் வீணாகாது.

பிரஷ் இரண்டு: உருண்டைப் பிரஷ் 8 அல்லது 10 ஆம் எண், தட்டைப் பிரஷ் 1 அங்குலம். சிந்தெடிக் மயிரே போதும். வாங்கும்போது உருண்டைப் பிரஷைத் தண்ணீரில் நனைத்து ஒரு உதறு உதறிப் பாருங்கள். நுனி தானாகக் கூராகச் சேர்ந்தால் நல்லது, இரண்டாகப் பிளந்தால் வேண்டாம். புதுப் பிரஷின் மயிரில் விறைப்புக்காகப் பசை தடவியிருப்பார்கள். அதை விரலால் நசுக்கி உடைக்காமல் வெதுவெதுப்பான நீரில் சில நிமிடம் ஊறவிட வேண்டும். இதை வகுப்புக்கு முன்பே செய்துவைத்துவிடுங்கள்.

மீதமுள்ளவை: வாய் அகன்ற, அரை லிட்டர் பிடிக்கும் டப்பா தலைக்கு 2 (ஒன்று கழுவ, ஒன்று கலக்க), வெள்ளைத் தட்டு அல்லது பேலட், பழைய பருத்தித் துணி, டிஷ்யூ, மாஸ்கிங் டேப், தாளைவிடச் சற்றுப் பெரிய பலகை, எச்பி பென்சில். தட்டு வெள்ளையாக இருப்பது முக்கியம், நிறத் தட்டில் கலந்தால் வண்ணம் தாளில் வேறு மாதிரித் தெரியும்.

அறை ஏற்பாடு

ஆளுக்குச் சுமார் 75 செ.மீ. மேசை இடம் விடுங்கள். டப்பாக்களும் பேலட்டும் எழுதும் கையின் பக்கம் இருக்க வேண்டும். குறுக்கே கொண்டுபோனால் ஈரத் தாளில் சொட்டும். இடது கைக்காரர்களை முதலிலேயே கேட்டறிந்து மேசையின் இடது முனையில் உட்காரவையுங்கள். குழாய் தூரத்தில் இருந்தால் ஒரு வாளியில் நல்ல தண்ணீர், இன்னொன்று அழுக்குத் தண்ணீர் கொட்ட. இல்லாவிட்டால் அழுக்குத் தண்ணீரை மாற்றாமலே எல்லோரும் ஓட்டுவார்கள், இரண்டாவது மணி நேரத்தில் எல்லாப் படமும் ஒரே சாம்பல் நிறமாக இருக்கும்.

மின்விசிறி நேராகத் தாளின் மேல் வீசினால் வாஷ் திட்டுத்திட்டாகக் காயும். வாஷ் போடும்போது நிறுத்திவிட்டு, காயவைக்கும்போது ஓடவிடுங்கள்.

செய்துகாட்டும் மேசையைச் சுற்றி 12 பேர் நின்றால் பின்னால் இருப்பவருக்கு எதுவும் தெரியாது. ஒரு கைபேசியை ஸ்டாண்டில் கவிழ்த்துவைத்துத் திரையில் காட்டலாம். அந்த வசதி இல்லையென்றால் ஆறு ஆறு பேராக இரண்டு முறை செய்துகாட்டுங்கள். ஒரு செய்முறை 5 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். அரை மணி நேரம் ஆசிரியர் வரைவதைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தால் பாதிக்கு மேல் மறந்திருக்கும்.

முதல் வகுப்பு: பிரஷும் வாஷும்

வண்ணத்தைத் தொடுவதற்கு முன் தண்ணீரை மட்டும் வைத்துத் தொடங்குங்கள். பிரஷை முக்கி எடுத்து அப்படியே தாளில் ஒரு கோடு. மறுபடி முக்கி, டப்பாவின் விளிம்பில் ஒரு முறை வழித்துவிட்டு ஒரு கோடு. மூன்றாவது, வழித்தபின் துணியில் ஒற்றிவிட்டு ஒரு கோடு. முதல் கோடு தாளின் மேல் உருண்டு நிற்கும், இரண்டாவது பளபளக்கும், மூன்றாவது தெரிந்தும் தெரியாமலும் இருக்கும். நிறைந்த பிரஷ், நடுத்தரப் பிரஷ், ஒற்றிய பிரஷ் என்று இவற்றுக்குப் பெயர் வைத்துவிடுங்கள். இந்த நான்கு வாரமும் இந்தப் பெயர்களைச் சொல்லித்தான் திருத்தப்போகிறீர்கள். புதியவர்களுக்கு வரும் சிக்கலில் பெரும்பகுதி, ஒற்றிய பிரஷ் வேண்டிய இடத்தில் நிறைந்த பிரஷைக் கொண்டுபோவதுதான்.

அடுத்து வண்ணத்தின் செறிவு. பேலட்டில் நீலத்தை மூன்று குட்டைகளாகக் கலக்கச் சொல்லி, பேலட்டைச் சாய்க்கச் சொல்லுங்கள். சாய்த்ததும் ஓடி மறு ஓரத்தைத் தொட்டால் அது இளம் கலவை. மெதுவாக நகர்ந்து பின்னால் நிறத் தடம் விட்டால் நடுக் கலவை. நகரவே மறுத்தால் கெட்டிக் கலவை. மூன்றிலும் ஒரு கட்டம் தீட்டிக் காயவிடுங்கள். காய்ந்ததும் மூன்றும் வெளிறும், இளம் கலவை மிகவும் வெளிறும். "ஈரத்தில் பார்க்கும்போது கொஞ்சம் அதிகமாகத் தோன்ற வேண்டும்" என்பதை அவரவர் கண்ணாலேயே பார்த்துவிட்டால் பிறகு வாயால் சொல்ல வேண்டியதில்லை.

இனி சமமான வாஷ். இதை முதல் வகுப்பிலேயே மூன்று முறை செய்யவையுங்கள்.

1. தாளை நான்கு பக்கமும் டேப்பால் பலகையில் ஒட்டி, பலகையின் எதிர்ப்புற ஓரத்துக்கு 3 செ.மீ. உயரம் கொடுங்கள்.
2. 10 × 15 செ.மீ. கட்டம் ஒன்றைப் பென்சிலால் லேசாகப் போடுங்கள்.
3. இளம் கலவைக்கும் நடுக் கலவைக்கும் இடைப்பட்ட செறிவில் சுமார் 10 மி.லி. கலந்துவையுங்கள். பாதியில் தீர்ந்துபோனால் மறுபடி கலப்பதற்குள் ஓரம் காய்ந்துவிடும், அதே நிறமும் வராது.
4. தட்டைப் பிரஷை நிறைத்து, மேல் ஓரத்தில் ஒரே இழுப்பாக ஒரு பட்டை. பட்டையின் அடியில் வண்ணம் ஒரு கரையாகச் சேர்ந்து நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் பிரஷில் தண்ணீர் போதாது.
5. மறுபடி நிறைத்து, அந்தக் கரையைத் தொட்டுக்கொண்டே அடுத்த பட்டை. மேலே போனதைத் திரும்பத் தொடக் கூடாது.
6. கடைசிப் பட்டைக்குக் கீழே தேங்கியதை ஒற்றிய பிரஷின் நுனியால் உறிஞ்சி எடுங்கள். விட்டுவிட்டால் அது மேல்நோக்கி ஊர்ந்து கறை கட்டும்.

வெள்ளைக் கீற்றுகள் விழுந்தால் பிரஷ் வறண்டிருக்கிறது. குறுக்குக் கோடுகள் தெரிந்தால் பட்டைகளுக்கு இடையில் தாமதம். நடுவில் மட்டும் வெளுத்திருந்தால் பிடிக்காமல்போன இடத்தைத் திரும்பத் தடவியிருக்கிறார். மூன்று முயற்சியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது ஏன் என்று மாணவரையே சொல்லவையுங்கள்.

இரண்டாம் வகுப்பு: பளபளப்பைப் பார்ப்பது

நான்கு வகுப்புகளில் இதுதான் உயிர்நாடி. ஈரத் தாளில் வண்ணம் வைக்கும்போது என்ன நடக்கும் என்பதை முடிவுசெய்வது தாளின் ஈர நிலை. அது நிமிடத்துக்கு நிமிடம் மாறும். ஒரு துண்டுத் தாளைச் சுத்தமான நீரால் நனைத்து, ஜன்னல் பக்கம் திரும்பி, கண்ணைத் தாளின் மட்டத்துக்குத் தாழ்த்திப் பார்க்கச் சொல்லுங்கள். மேலிருந்து பார்த்தால் தெரியாத பளபளப்பு அப்படிப் பார்த்தால் தெளிவாகத் தெரியும்.

முதலில் தண்ணீர் குட்டையாகத் தேங்கி மின்னும். இப்போது வைத்த வண்ணம் எங்கேயோ ஓடிப்போகும். கொஞ்ச நேரத்தில் குட்டை வடிந்து தாள் முழுக்க ஒரே சீரான பளபளப்பு வரும். வானம், மூடுபனி, மெல்லக் கலக்கும் நிறங்கள் எல்லாவற்றுக்கும் இதுவே நேரம். அதன்பின் பளபளப்பு மங்கத் தொடங்கும். தாளின் சொரசொரப்பு மெல்ல மேலெழுந்து தெரியும். ஆபத்தான நேரம் இது. தாள் தண்ணீரை இழுத்துக்கொண்டிருக்கும்போது நிறைந்த பிரஷால் தொட்டால், புதிய தண்ணீர் பாதி காய்ந்த நிறமியைத் தள்ளிக்கொண்டுபோய் ஓரத்தில் சேர்க்கும். பூக்கோசு போலப் பல்பல்லாக ஒரு கறை விழும். இந்தக் கட்டத்தில் வைக்கலாம் என்றால் கெட்டிக் கலவையை, ஒற்றிய பிரஷால் மட்டும். விதி ஒன்றுதான்: தாளில் இருப்பதைவிடப் பிரஷில் தண்ணீர் குறைவாக இருக்க வேண்டும். கடைசியாகத் தாள் மங்கி, பார்வைக்குக் காய்ந்ததுபோல் இருக்கும். புறங்கையை வைத்துப் பாருங்கள். குளிர்ச்சியாக இருந்தால் உள்ளே இன்னும் ஈரம். குளிர்ச்சி போகும்வரை அடுத்த அடுக்கு கிடையாது.

அந்தக் கறையை வேண்டுமென்றே வரவழைக்கவும் சொல்லுங்கள். வாஷ் போட்டு, பளபளப்பு மங்கும்போது ஒரு சொட்டுச் சுத்தமான நீர் விட்டால் போதும். எப்படி வருகிறது என்று தெரிந்தவருக்குத்தான் வராமல் தடுக்கத் தெரியும்.

குழுவில் கற்றுக்கொடுக்கும்போது மட்டும் வரும் ஒரு சிக்கலும் இங்கே இருக்கிறது. 12 தாள்களும் ஒரே நேரத்தில் காய்வதில்லை. ஜன்னலோரத் தாள் மங்கும்போது மூலையில் உள்ள தாளில் இன்னும் குட்டை நிற்கும். நீங்கள் "இப்போது வையுங்கள்" என்று சொன்னால் அது நாலைந்து பேருக்குத்தான் சரியான நேரம். கடிகாரம் பார்த்து "மூன்று நிமிடம் கழித்து" என்பதும் உதவாது, மழைக்காலத்தில் இருபது நிமிடமானாலும் காயாத தாள் வெயில் நாளில் ஐந்தே நிமிடத்தில் காய்ந்துவிடும். அதனால் அடுத்த படியைச் செய்துகாட்டிவிட்டு, "உங்கள் தாளில் பளபளப்பு சீரானதும் தொடங்குங்கள்" என்று விட்டுவிடுங்கள். சுற்றிவரும்போது, "இப்போது எந்த நிலையில் இருக்கிறது?" என்று மட்டும் கேளுங்கள். பார்த்துச் சொல்லும் பழக்கம் வந்துவிட்டால் வீட்டில் தனியாக உட்கார்ந்தாலும் அவர்களுக்கு வழி தெரியும்.

காத்திருக்கும் நேரத்துக்கு ஒவ்வொருவரிடமும் இரண்டாவது தாள் ஒன்று இருக்கட்டும். சும்மா இருக்கும் கை ஈரத் தாளுக்குத்தான் போகும், "இங்கே கொஞ்சம் சரிசெய்வோம்" என்று ஒரு தொடு தொட்டு நல்ல வாஷைக் கெடுத்துக்கொள்ளும். இரண்டாவது தாளில் ஒரே நிறத்தின் ஐந்து படிகள், இரண்டு நிறக் கலவைகள், தட்டைப் பிரஷின் கோடுகள் என்று ஏதாவது செய்துகொண்டிருக்கலாம். கலவைப் பயிற்சிக்கென்று தனி வகுப்பு வேண்டாம், இந்த இடைவெளிகளிலேயே அது முடிந்துவிடும்.

மூன்றாம் வகுப்பு: அடுக்கும் ஓரமும்

காய்ந்த அடுக்கின் மேல் இன்னொரு அடுக்கு. மஞ்சள் கட்டம் மூன்று தீட்டிக் காயவைத்து, ஒன்றின் மேல் நீலம், ஒன்றின் மேல் ரோஸ், ஒன்றின் மேல் பழுப்பு, மூன்றையும் இளம் கலவையில் ஒரே இழுப்பில் போடச் சொல்லுங்கள். தேய்த்தால் கீழே உள்ளது கிளம்பி வரும். பிறகு ஓரத்தை மென்மையாக்குவது: ஈரக் கோட்டின் ஒரு பக்கத்தை, சுத்தமான ஒற்றிய பிரஷால் கோட்டுக்கு வெளியிலிருந்து தொட்டு இழுத்தால் நிறம் மெல்லக் கரைந்து மறையும். பிரஷ் நிறைந்திருந்தால் இங்கேயும் கறைதான். இந்த இரண்டும் வந்துவிட்டால் ஒரு மர இலையை வைத்துத் தீட்டவையுங்கள். பச்சையை மஞ்சளும் நீலமும் கலந்தே எடுக்க வேண்டும். கண்ணைப் பறிக்கும் பச்சையாக வந்தால் துளி பர்ன்ட் சியன்னா அதை அடக்கும்.

நான்காம் வகுப்பு: மலை அடுக்குகள்

முதல் முழுப் படத்துக்கு முகமும் கட்டடமும் வேண்டாம், கோடு சற்றுப் பிசகினாலும் தப்பாகத் தெரியும். மலை அடுக்குகள் எப்படி வளைந்தாலும் மலைதான். அதோடு கற்ற எல்லாமே இதில் வரும்.

தாளின் மேல்பாதியை நீரால் நனைத்து, பளபளப்பு சீரானதும் மேலே இளம் அல்ட்ராமரீன், அடிவானத்துக்கு அருகே துளி ரோஸ். இடையில் கொஞ்சம் வெண்மை நிற்கட்டும். நன்றாகக் காய்ந்தபின் தூரத்து மலை: நீலத்தில் ரோஸ் கொஞ்சம் சேர்த்த இளம் கலவை. மேல்விளிம்பு கூராகவும் கீழ்ப்பக்கம் சுத்த நீரால் கரைந்து மறைவதாகவும் இருந்தால் பள்ளத்தாக்கில் பனி நிற்பதுபோல் வரும். காயவையுங்கள். அடுத்த மலை நடுக் கலவை, நீலத்தில் பழுப்பு சேர்த்து. அதற்கடுத்தது இன்னும் செறிவு. முன்னால் நிற்கும் சரிவு மட்டும் கெட்டிக் கலவையில், பச்சையும் பழுப்பும் தூக்கலாக. தூரத்தில் இருப்பது வெளிறி நீலமாகத் தெரிவது இடையிலுள்ள காற்று ஒளியைச் சிதறடிப்பதால். அதைச் சொன்னால் ஏன் இந்த வரிசை என்று புரியும். படம் தட்டையாகத் தெரிந்தால் பெரும்பாலும் அடுக்குகளின் செறிவுக்குள் வித்தியாசம் போதவில்லை, முன் சரிவை இன்னும் அடர்த்தியாக்கச் சொல்லுங்கள்.

டேப்பை முழுதும் காய்ந்தபின்தான் எடுக்க வேண்டும். படத்திலிருந்து வெளிப்பக்கமாக, தாளோடு படுத்தாற்போல் மெதுவாக இழுங்கள். ஒட்டிக்கொண்டு கிழிக்கப் பார்த்தால் ஹேர் டிரையரால் சற்றுச் சூடாக்கினால் பசை இளகும்.

திருத்தும்போது

மாணவரின் தாளில் உங்கள் பிரஷ் படவே கூடாது. நீங்கள் சரிசெய்து கொடுத்த படம் அவருக்குச் சொந்தமாகத் தோன்றாது, எப்படிச் செய்வதென்றும் தெரியாது. கையில் துண்டுத் தாள் வைத்துக்கொண்டு, அதில் செய்துகாட்டி, அங்கேயே அவரையும் ஒரு முறை செய்யவையுங்கள். "நல்லா இருக்கு" என்று பொதுவாகச் சொல்வதைவிட, "இந்த ஓரம் சரியான ஈரத்தில் கரைந்திருக்கிறது" என்று இடத்தைக் காட்டிச் சொல்லுங்கள்.

அடிக்கடி வரும் முறையீடு, "நிறம் சேறாகிவிட்டது". தண்ணீர் அழுக்காக இருக்கும், அல்லது நான்கு நிறமும் ஒரே குட்டையில் கலந்திருக்கும், அல்லது ஈரம் இருக்கும்போதே அடுத்ததைப் போட்டுத் தேய்த்திருப்பார். இந்த வரிசையிலேயே தேடுங்கள். தாளின் மேல் துகள் துகளாக உருண்டால் ஈரத்தில் அளவுக்கு மீறித் தேய்த்திருக்கிறார், அந்த இடத்தைக் காயவிடுவதைத் தவிர வழியில்லை. வெண்மையை மீட்க வேண்டுமென்றால் அந்த இடத்தைச் சுத்த நீரால் நனைத்து, சில வினாடி விட்டு, டிஷ்யூவால் அழுத்தி ஒற்றுங்கள். முழு வெள்ளை வராது, போதுமான வெளுப்பு வரும்.

கை நடுங்கும் பெரியவர்களுக்கு உருண்டைப் பிரஷின் நுனிவேலையைவிடத் தட்டைப் பிரஷ் வசதி. சுண்டுவிரலைக் காய்ந்த இடத்தில் ஊன்றிக்கொள்ளச் சொல்லுங்கள். பிரஷ் நுனியை வாயில் வைத்துக் கூராக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. காட்மியம், கோபால்ட் போன்ற நிறமிகள் உடம்புக்குக் கேடு. உங்கள் நான்கு வண்ணங்களில் அவை இல்லாவிட்டாலும் முதல் நாளிலேயே நிறுத்திவிடுங்கள். குடிக்கும் தண்ணீரும் வண்ணத் தண்ணீரும் ஒரே மேசையில் இருக்க வேண்டாம்.

முடிக்கும் 15 நிமிடம்

பிரஷைச் சோப்பு நீரில் கழுவி, நுனியை விரலால் சேர்த்து, படுக்கவைத்துக் காயவிட வேண்டும். டப்பாவில் தலைகீழாக நிறுத்தினால் மயிர் வளைந்துவிடும், பிடியின் உலோகப் பூணுக்குள் தண்ணீர் இறங்கி மரம் உப்பும். வளைந்த படங்களை, பின்பக்கம் லேசாக ஈரப்படுத்தி, இரண்டு சுத்தமான தாள்களுக்கு இடையில் வைத்து, ஒரு இரவு கனமான பலகையின் கீழ் அழுத்தினால் நிமிர்ந்துவிடும். பேலட்டில் கலந்த இடத்தை மட்டும் துடைத்துவிட்டு, பிழிந்த வண்ணத்தை அப்படியே விட்டு, மூடாமல் காயவையுங்கள். ஈரத்தோடு மூடி வைத்தால் அடுத்த வாரம் திறக்கும்போது பூஞ்சணம் பிடித்திருக்கும்.